வர்ஸானேயில நெட் இல்லாம மாட்டிக்கிட்ட நவம்பர்

ஈரானுக்குத் தனியா போயிட்டு வந்தேன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, பொண்ணா தனியா போனியே, பயமா இல்லையாங்கறதுதான். பயம் வந்துச்சு, ரொம்பவே வந்துச்சு, ஆனா அது அங்க இருக்கற ஆளுங்களால வரல. ஒரு நாட்டோட இன்டர்நெட்டை ஒரே ராத்திரியில மொத்தமா அணைச்சுட்டா, கார்டும் வேலை செய்யாத, பாஷையும் தெரியாத ஒரு வெளியூர்க்காரி என்ன பண்ணணும்னு எனக்கு முன்னாடியே யாரும் சொல்லல. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை அடுத்துப் போறவங்களுக்காவது சொல்லிடணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு, அதான் எழுதறேன். நடந்தது 2019 நவம்பர்ல.

நான் ஈரோடு பக்கம், கைத்தறி பெட்ஷீட், துண்டு எல்லாம் ஏற்றுமதி பண்ற ஒரு இடத்துல டிசைன் வேலை பாக்கறேன். வர்ஸானேங்கற ஊர் பேரு எனக்குத் தெரிஞ்சதே துணியாலதான். இஸ்ஃபஹான் சிட்டியில இருந்து தென்கிழக்கா கிட்டத்தட்ட 105 கிலோமீட்டர், பாலைவன ஓரத்துல ஒரு சின்ன டவுன். ஈரான்ல மத்த இடத்துல சாதோர், அதாவது தலையில இருந்து கால் வரைக்கும் போத்திக்கற துணி, போடற பொம்பளைங்க பெரும்பாலும் கறுப்புலதான் போடுவாங்க, இந்த ஊர்ல வெள்ளை. பாட்டியில இருந்து சின்னப் பொண்ணு வரைக்கும் தெருவுல வெள்ளையாத்தான் நடப்பாங்க. கேட்டா, முன்னாடி இங்க பருத்தி நிறைய விளைஞ்சுது, வெயிலுக்கும் வெள்ளைதான் சரின்னு சிலர் சொல்றாங்க, இது இஸ்லாத்துக்கு முன்னாடி இருந்த ஜொராஸ்ட்ரிய காலத்து வழக்கம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு பருத்திக் கதைதான் பிடிச்சுது, நம்ம தொழில் அது.

இஸ்ஃபஹான்ல ஜெய் டெர்மினல்னு ஒரு பஸ் ஸ்டாண்ட் இருக்கு, அங்க இருந்து பஸ் கிடைக்கும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். தங்கினது மண் சுவர் வெச்ச பழைய வீடு, நடுவுல முற்றம், அம்மா அப்பா பொண்ணுன்னு ஒரு குடும்பமே நடத்தற கெஸ்ட் ஹவுஸ். காலை சாப்பாட்டோட ஒரு ராத்திரிக்கு சுமார் 12 டாலர். அன்னைக்கு சாயந்தரமே தைமூர் வம்சத்து ஷாருக் காலத்துல திருப்பணி பண்ணின ஜும்மா மசூதி, புறாக் கோபுரம், பழைய செங்கல் பாலம் எல்லாம் பாத்துட்டு மணல் மேட்டுல போய் சூரியன் இறங்கறதைப் பாத்தேன். பாலத்துக்குக் கீழ தண்ணி இல்ல. அது ஸாயந்தே ரூட்ங்கற ஆறு, ஸாக்ரோஸ் மலையில பொறந்து சுமார் 400 கிலோமீட்டர் ஓடி இந்த ஊரைத் தாண்டித்தான் காவ்கூனிங்கற சதுப்பு நிலத்துல முடியும். முடியணும். இப்ப பெரும்பாலான மாசம் ஆறு இங்க வந்து சேர்றதே இல்ல. அதைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

வெள்ளிக்கிழமை அங்க லீவு நாள். காலையில எந்திரிச்சா கெஸ்ட் ஹவுஸ் வீட்டுக்காரர் ஃபோனும் கையுமா உக்காந்திருக்காரு. ராத்திரி நடுவுல பெட்ரோல் விலையை ஏத்திட்டாங்க. லிட்டர் 1000 தோமான்ல இருந்து, மாசத்துக்கு முதல் 60 லிட்டர் வரைக்கும் 1500, அதுக்கு மேல போட்டா 3000. நம்ம காசுக்கு இது கம்மியா தெரியும், ஆனா அமெரிக்கா போட்ட பொருளாதாரத் தடைகளால ஏற்கனவே விலைவாசி எகிறி சம்பளம் கரைஞ்சு போயிருந்த ஒரு நாட்டுல அது என்ன அடின்னு அவர் முகத்துலயே தெரிஞ்சுது. அன்னைக்கு உப்பு ஏரிக்குப் போக பேசி வெச்சிருந்த கார்க்காரர் வந்தவுடனே முதல் நாள் சொன்ன ரேட்டைவிட டபுள் கேட்டாரு. எனக்குக் கோபம் வந்துச்சு, அப்புறம் விலைப் பலகையைப் பாத்ததும் கொஞ்சம் அடங்குச்சு, நடுவுல ஒரு தொகைக்கு முடிச்சோம்.

இங்க ஒரு விஷயம். ஈரான்ல நோட்டுல அச்சடிச்சிருக்கறது ரியால், வாயில சொல்றது தோமான், பத்து ரியால் ஒரு தோமான். அதுலயும் பல பேரு ஆயிரத்தை முழுங்கிட்டு "அம்பது"ன்னு மட்டும் சொல்வாங்க, அது அம்பதாயிரம் தோமான். எழுதிக் காட்டச் சொல்லி, ரியாலா தோமானான்னு கேட்டுட்டு அப்புறம் வண்டியில ஏறுங்க. பாரசீக எண்களைப் படிக்க ஒரு அரை மணி நேரம் போதும், பஸ் நம்பர், கடை விலை, மருந்து டேட் எல்லாத்துக்கும் அது உதவும், ஊர்லயே கத்துட்டுப் போயிடுங்க.

சனிக்கிழமை சாயந்தரம் வாட்ஸ்அப்ல அண்ணனுக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பினேன், அது சுத்திக்கிட்டே இருந்துச்சு. வைஃபை போயிடுச்சுன்னு நெனச்சு சிம் டேட்டாவுக்கு மாறினேன், அதுவும் இல்ல. தடை பண்ணின சைட்டைத் திறக்கற விபிஎன் ஆப்பை மாத்தி மாத்திப் போட்டேன், ஒண்ணும் ஆகல. வீட்டுப் பொண்ணு, பத்தாவது பன்னெண்டாவது படிக்கற பொண்ணுங்க பேசற அளவுக்கு இங்கிலீஷ் பேசும், அது வந்து "அக்கா, எல்லா ஊர்லயும் போயிடுச்சாம், வெளிநாட்டுது எதுவும் வராது"ன்னு சைகையும் பேச்சுமா சொல்லுச்சு. உள்நாட்டு பேங்க், உள்நாட்டு டாக்ஸி ஆப் இதெல்லாம் அவங்களுக்கு ஓடிட்டுத்தான் இருந்துச்சு, அதுக்குன்னு தனி நெட்வொர்க் வெச்சிருக்காங்க. எனக்கு வேணும்கற எதுவும், மெயில், மேப், டிக்கெட், பேங்க், அம்மா, எல்லாம் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. கிட்டத்தட்ட ஒரு வாரம் அப்படியே இருந்துச்சு, மொபைல் டேட்டா வர அதுக்கும் மேல ஆச்சு.

எனக்கு திங்கட்கிழமை விடியக்காலை டெஹ்ரான்ல இருந்து ஃபிளைட். ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பி இஸ்ஃபஹான் போய் அங்க இருந்து டெஹ்ரான் பஸ் பிடிக்கறதுதான் பிளான். வர்றேன்னு சொன்ன வண்டி வரல. பெட்ரோல் விலையை எதிர்த்து இஸ்ஃபஹான்ல ஜனங்க ரோட்டுல காரை குறுக்க நிறுத்தி மறிச்சிருக்காங்க, சில இடத்துல துப்பாக்கிச் சூடுன்னு செய்தி வாய்மொழியா வந்துச்சு. டிவியில அரசாங்கம் சொல்றது மட்டும்தான், அதுவும் எனக்குப் புரியாத பாஷையில. வீட்டம்மா என் பேக்கை என் கையில இருந்து வாங்கி உள்ள கொண்டு போய் வெச்சுட்டு, கதவை சாத்திட்டு, இன்னைக்கு வேண்டாம்னு தலையை ஆட்டினாங்க. ஏர்லைன் நம்பருக்கு ஃபோன் பண்ணிப் பண்ணி யாரும் எடுக்கல. அந்த டிக்கெட் அப்படியே போச்சு, 19,500 ரூபா, ஒரு பைசா திரும்ப வரல. பின்னாடி இன்சூரன்ஸ்ல கேட்டேன், கலவரம், அரசியல் குழப்பத்தால வர்ற நஷ்டம் பாலிசியில வராதுன்னு லெட்டர் வந்துச்சு. வீசாவுக்காக எடுக்கற இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், அதை நம்பி வேற கணக்கு போடாதீங்க.

அந்த நேரத்துல நான் எப்படி இருந்தேன்னு மறைக்காம சொல்றேன். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். பயணம் முடியற நேரம்ங்கறதால கையில இருந்தது 70 டாலருக்குக் கிட்ட, அப்புறம் கொஞ்சம் தோமான். விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ஈரான்ல செல்லாது, ஏடிஎம்ல எடுக்க முடியாது, வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்பற கம்பெனிகளும் கிடையாது, கையில கொண்டு போனதுதான் மொத்தமும். இது எத்தனை நாள் நீளும்னு யாருக்கும் தெரியல. அதனால சொல்றேன், ஈரான்னு இல்ல, கார்டு செல்லாத எந்த நாட்டுக்குப் போனாலும், பிளான் பண்ண செலவுக்கு மேல ஒரு வாரம் சாப்பாடு, தங்கல், ஒரு ஒன்வே டிக்கெட் விலை, இவ்வளவும் தொடாத பணமா தனிக் கவர்ல டாலராவோ யூரோவாவோ வெச்சிருங்க. கிழிசல், கறை, பேனா கிறுக்கல் இல்லாத புது நோட்டா இருக்கணும், பழசை மாத்தித் தர மாட்டாங்க. மாத்தறதும் பேங்க்ல வேண்டாம், அப்ப அரசாங்க ரேட் டாலருக்கு 42,000 ரியால், வெளிச்சந்தையில அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. பெரிய ஊர்ல லைசென்ஸ் உள்ள எக்ஸ்சேஞ்ச் கடை இருக்கும். வர்ஸானே மாதிரி சின்ன ஊர்ல நான் போன வரைக்கும் அப்படி எதுவும் கண்ணுல படல, வீட்டுக்காரர் தனக்குத் தெரிஞ்ச நகைக்கடைக்காரர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. அந்தப் பெரியவர் இஸ்ஃபஹானுக்கு ஃபோன் போட்டு அன்னைக்கு ரேட் கேட்டு, அதை பேப்பர்ல எழுதி என்கிட்ட காட்டிட்டு, அதே ரேட்டுக்குக் குடுத்தாரு. நான் இருந்த நிலைமைக்கு பாதி ரேட் குடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

அடுத்து அம்மாகிட்ட பேசறது. நெட் இல்லைன்னாலும் சாதாரண ஃபோன் லைன் இருந்துச்சு. அங்க வாங்கின சிம்ல கடையில காசு ஏத்தி 0091 போட்டா இந்தியாவுக்குப் போகும். வீட்டு லேண்ட்லைன்ல வெளிநாட்டுக்குப் பேசணும்னா அதுக்குத் தனியா வசதி வாங்கியிருக்கணும், நிறைய வீட்டுல இருக்காது. நான் கூப்பிட்டா அம்மா எடுக்கல. தெரியாத வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்காதேன்னு நாங்கதான் அம்மாவுக்கு சொல்லி வெச்சிருக்கோம், பணம் புடுங்கற கால்னு. அண்ணன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல, ஃபோன்ல இருந்துச்சு, நல்லவேளை ஃபோன் கையில இருந்துச்சு. அண்ணன் எடுத்தவுடனே "எங்க இருக்கற நீ?"ன்னு கத்தினான், அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. டிவியில ஈரான்ல தீ வெச்ச பேங்கையும் பெட்ரோல் பங்கையும் திரும்பத் திரும்பக் காட்டிட்டு இருந்திருக்காங்க. அம்மா ஃபோனை வாங்கி, "கண்ணு, சாப்ட்டியா?"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல சொல்லிடுங்க, நான் போய் இருக்கற நாள்ல எந்த நம்பர் வந்தாலும் எடுங்கன்னு. நாலு முக்கியமான நம்பர், டெஹ்ரான்ல இருக்கற இந்தியத் தூதரகத்து நம்பர், ஏர்லைன் பிஎன்ஆர், தங்கற இடத்து முகவரி பாரசீகத்துல, எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட்குள்ள வெச்சுக்கங்க. அங்க போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 115. மேப் ஆஃப்லைனா இறக்கி வைங்க, மொழிபெயர்ப்பு ஆப்ல பாரசீகத்தையும் இறக்கி வைங்க, அது மட்டும் இல்லைன்னா அந்த நாட்களை என்னால தள்ளியிருக்கவே முடியாது.

இனி அந்த ஊர் ஆளுங்களைப் பத்தி. எனக்கு என்ன ஆச்சுன்னு ரெண்டாவது நாளே தெருவுக்கே தெரிஞ்சிருந்துச்சு. பக்கத்து வீட்டுல இருந்து மாதுளை வந்துச்சு, எதிர் வீட்டுல இருந்து கத்திரிக்காய்ல தயிர்க்கட்டி கரைச்சு ஊத்தின ஒரு டிஷ், கறி சாப்பிடாத பொண்ணுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. வெளிய போகும்போது வீட்டம்மா தன்னோட வெள்ளை சாதோரை எனக்குப் போத்தி விட்டாங்க, இந்த நேரத்துல தனியாத் தெரிய வேண்டாம்னு. எனக்கு அது நழுவிக்கிட்டே இருக்கும், வர்ற பொம்பளைங்க எல்லாம் நின்னு சரி பண்ணி விட்டுட்டுப் போவாங்க. ஊருக்குள்ள நான் பாத்த வரைக்கும் அமைதியாத்தான் இருந்துச்சு, ஆனாலும் கேமராவை நான் பேக்ல இருந்து எடுக்கவே இல்ல. இதை ரொம்ப அழுத்தி சொல்றேன், அந்த மாதிரி நேரத்துல கூட்டம், போலீஸ், அரசாங்கக் கட்டடம் எதையும் ஃபோட்டோ எடுக்காதீங்க, ஒரு வெளிநாட்டுக்காரி எடுத்தா அதோட விளைவு உங்களை வீட்டுல வெச்சிருக்கற குடும்பத்துக்கும் சேத்து வரும். ஆம்னெஸ்டிங்கற மனித உரிமை அமைப்போட கணக்குப்படி அந்த நாட்கள்ல நாடு முழுக்க 300 பேருக்கு மேல செத்திருக்காங்க, அது எனக்கு இந்தியா வந்தப்புறம்தான் தெரியும்.

ராத்திரியில குளிர் நல்லா இருக்கும். கோர்சின்னு ஒண்ணு, தாழ்வான மேசைக்கு அடியில கணப்பு வெச்சு மேல பெரிய ரஜாய் போட்டு, குடும்பமே நாலு பக்கமும் காலை உள்ள விட்டுட்டு உக்காந்துக்கும். டீ, கற்கண்டு, விதை கொறிக்கறது. அங்கதான் தறி பேச்சு வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பாட்டி பருத்தி நூல்ல சாப்பாட்டு விரிப்பு நெய்யறவங்க, நான் பாவு ஊடைன்னு நூலைத் தொட்டுக் காட்டிக் கேட்டதும் அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம், என் கையைப் பிடிச்சு தறியில உக்கார வெச்சாங்க. எனக்கு அழுகை நின்னது அந்தத் தறியிலதான். வயசானவங்க தங்களுக்குள்ள பேசறது சாதாரணப் பாரசீகம் இல்ல, இந்த ஊருக்குன்னு ஒரு பழைய பேச்சு, வீட்டுப் பொண்ணுக்கே அதுல பாதிதான் புரியுமாம்.

ஒரு நாள் என் மனசை மாத்தணும்னு மாட்டுக் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாடு சரிவுல இறங்கினா தோல் பை தண்ணியோட மேல வரும், மாட்டுக்காரர் பாட்டுப் பாடினாத்தான் மாடு நடக்கும், பாட்டை மாத்தினா திரும்பி ஏறும். எங்க அப்பாரு தோட்டத்துல இதே மாதிரி மாடு கட்டி கவலையில தண்ணி இறைச்சதைக் கதையாத்தான் கேட்டிருக்கேன், ஏத்தப்பாட்டோட அதை நேர்ல பாத்தது அங்கதான். இப்ப அது வந்து போறவங்களுக்குக் காட்டறதுக்காக வெச்சிருக்கறது. வீட்டுக்காரருக்கு நிலம் இருக்கு, கோதுமை போட்டுட்டு இருந்தவரு. ஆத்துத் தண்ணி யஸ்து மாகாணத்துக்குக் குழாயில போகுது, பெரிய இரும்பு ஆலைகளுக்குப் போகுது, மேல அணையில நிறுத்திடறாங்க, கடைமடைக்கு வர்றதுக்குள்ள ஒண்ணும் இல்ல. அந்தக் கோபத்துல இந்தப் பக்கத்து விவசாயிங்க யஸ்து குழாயை உடைச்சதும், போலீஸோட மோதினதும் 2012, 13 வாக்குல நடந்திருக்கு. அதனாலதான் வீட்டை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினேன்னாரு. காவ்கூனி 1975லயே ராம்சார்ங்கற, உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல சேந்தது, இப்ப பெரும்பகுதி உப்புப் பாளமா கிடக்கு. காத்தடிச்சா அந்த உப்புத் தூசி ஊருக்குள்ள வருது, மூச்சுத் தொந்தரவு அதிகமாயிடுச்சுன்னு வீட்டம்மா நெஞ்சைத் தொட்டுக் காட்டினாங்க. என் ஒரு டிக்கெட் போனதுக்கு நான் அழுதுட்டு இருந்தேன், அவங்க ஒரு ஆறே போனதை டீ ஊத்திக்கிட்டே சொல்றாங்க. 2021 நவம்பர்ல இஸ்ஃபஹான்ல காஜு பாலத்துக்குப் பக்கத்துல காய்ஞ்ச ஆத்துப் படுகையில ஆயிரக்கணக்குல விவசாயிங்க உக்காந்து போராடினப்ப, வீடியோவுல ஒவ்வொரு முகமா அவரைத் தேடினேன்.

திரும்பி வந்த வழிதான் உங்களுக்கு ரொம்ப உபயோகப்படும். அங்க இருந்து நெட்ல டிக்கெட் போட முடியாது, இந்தியாவுல நெட்டுக்கு என்ன பிரச்னை? அண்ணன் ஈரோட்டுல உக்காந்து தன் கார்டுல டிக்கெட் போட்டான், 31,000 ரூபா ஆச்சு. பிஎன்ஆர், டிக்கெட் நம்பர், ஃபிளைட் நம்பர், நேரம் எல்லாத்தையும் ஃபோன்ல ஒவ்வொரு எழுத்தா சொல்லி, நான் எழுதி, திரும்பப் படிச்சுக் காட்டினேன். கவுன்டர்ல பாஸ்போர்ட்டையும் அந்தத் துண்டுப் பேப்பரையும் காட்டினேன், எதுவும் கேக்காம போர்டிங் பாஸ் குடுத்தாங்க. வீசாவுல எனக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல பாக்கி இருந்துச்சு, அது இல்லைன்னா நீட்டிப்புக்கு இஸ்ஃபஹான் போலீஸ் ஆஃபீஸுக்கு அலைய வேண்டியிருந்திருக்கும், அதனால வீசா முடியற நாளுக்கு ஒட்டி ஃபிளைட் போடாதீங்க.

ரோடு திறந்தப்புறம் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க, இஸ்ஃபஹான்ல டாக்டரைப் பாக்கணும்னு சொல்லி என்கூட வந்தாங்க. காவே டெர்மினல்ல டெஹ்ரான் பஸ்ல என்னை உக்கார வெச்சு, டிரைவர்கிட்ட ஏர்போர்ட் பக்கத்துல டோல்கேட்ல இறக்கி விடணும்னு ரெண்டு தடவை சொல்லிட்டு இறங்கினாங்க. டாக்டர் எல்லாம் ஒண்ணும் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, என்னை பஸ் ஏத்தத்தான் வந்திருக்காங்க. இமாம் கொமெய்னி ஏர்போர்ட் டெஹ்ரானுக்குத் தெற்கால, கூம் போற வழியில இருக்கு, இஸ்ஃபஹான்ல இருந்து வர்றவங்க சிட்டிக்குள்ள போய்த் திரும்ப வேண்டாம், அந்த டோல்கேட்ல இறங்கி டாக்ஸி பிடிச்சா நேரமும் காசும் மிச்சம்.

பணம் விஷயத்துல அங்க ஒரு பழக்கம், முதல்ல வேண்டாம்னுதான் சொல்வாங்க, டாக்ஸிக்காரர் கடைக்காரர் உட்பட. அது மரியாதைக்கு, ரெண்டு மூணு தடவை நீட்டணும், வாங்கிப்பாங்க. ஆனா இந்த வீட்டுல அந்தக் கூடுதல் நாட்களுக்கு எத்தனை தடவை நீட்டியும் வாங்கவே இல்ல. நீ அந்த நாளெல்லாம் விருந்தாளின்னாங்க. முதல்ல பேசின ராத்திரிகளுக்கு மட்டும் வாங்கிட்டாங்க. வலுக்கட்டாயமா திணிக்கறது அவமானப்படுத்தற மாதிரி ஆயிடும்னு பொண்ணு காதுல சொல்லுச்சு, அதனால நிறுத்திட்டேன். அடுத்த வருஷம் தெரிஞ்சவங்க ஒருத்தர் போறதுக்கு இருந்தாரு, அவர்கிட்ட சென்னிமலை போர்வை ரெண்டும், பாட்டிக்கு நல்ல சன்ன நூலும் குடுத்து விடலாம்னு கட்டி வெச்சேன், கொரோனா வந்துடுச்சு, பார்சல் இன்னும் பீரோவுலதான் இருக்கு.

மொத்தத்துல பழைய டிக்கெட், புது டிக்கெட், ஃபோன் கார்டு, சம்பளம் இல்லாத லீவுன்னு எனக்கு அறுபதாயிரத்துக்குப் பக்கம் போச்சு. அங்க நெட்டை அணைக்கறது அதோட முடியவும் இல்ல, 2022 போராட்டத்துலயும், 2025 ஜூன்ல இஸ்ரேலோட நடந்த போர் சமயத்துலயும் மறுபடி அதேதான். இந்தியர்களுக்கு 2024 பிப்ரவரியில குடுத்த வீசா இல்லாம போற வசதியையும் 2025 நவம்பர் 22ல இருந்து நிறுத்திட்டாங்க, வேலை வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போய் ஆளைக் கடத்தின சம்பவங்களால. அதனால யாராவது ஏஜென்ட் வீசா வேண்டாம், அங்க இருந்து வேற நாட்டுக்கு அனுப்பறேன்னு சொன்னா நம்பாதீங்க, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி நம்ம வெளியுறவுத் துறை அறிவிப்பைப் பாருங்க, அவங்க போகாதேன்னு சொல்ற நேரத்துல போகாதீங்க. நிலைமை சரியாகி வர்ஸானே போறவங்க அக்டோபர் கடைசியில இருந்து மார்ச்சுக்குள்ள போங்க, கோடையில அந்த வெயில் தாங்காது. காவ்கூனிக்கும் உப்பு ஏரிக்கும் ஊர்க்காரர் இல்லாம தனியா போகாதீங்க, மேல காய்ஞ்சு கிடக்கும், கீழ சேறு. தறி பாக்கணும்னா தங்கற வீட்டுலயே கேளுங்க, பாட்டி வீடு பக்கத்துலதான். போறீங்கன்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்த பார்சலைக் குடுத்து விடணும்.